மலையேறும் வேனில் கரண்ட் தகராறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து 32 வருடம் ஆகிறது. தேயிலை லாரி, எஸ்டேட் டிராக்டர், ஷூட்டிங்குக்கு வரும் கேரவன் என்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நாலைந்து வருடமாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. டெம்போ டிராவலரையும் பழைய மினி பஸ்ஸையும் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் வைத்து வீடாக மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு மலைக்கு வருகிறவர்கள். வண்டி நன்றாகத்தான் ஏறிவிடுகிறது. ராத்திரிதான் விளக்கு மங்குகிறது. அவர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்வது ‘வண்டி பேட்டரி’, உள்ளே விளக்கு, பம்ப், ஃப்ரிட்ஜ் ஓட்டுவது ‘வீட்டு பேட்டரி’. இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அண்ணா, எங்கள் வேனில் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ‘லோ பேட்டரி’ என்று காட்டி நின்றுவிடுகிறது. காலையில் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் இருக்கிறது. பேட்டரிதான் போய்விட்டது என்று சொன்னதால் ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டோம். கோத்தகிரியில் தங்கிய மூன்று ராத்திரியும் இதே தொல்லை. மூன்றாவது பேட்டரி வாங்க வேண்டுமா?
— வாசகர், திருப்பூர்

வாங்காதீர்கள் தம்பி. காலையில் 12.4 காட்டுகிற லெட் ஆசிட் பேட்டரியில் இன்னும் முக்கால் பங்கு சார்ஜ் இருக்கிறது. உங்கள் பழைய இரண்டு பேட்டரியும்கூட நல்லவையாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் பேட்டரியைப் பார்ப்பதில்லை. தன் வாசலுக்கு எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். உங்கள் வண்டியில் பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில், ஃப்ரிட்ஜ் பின்கதவு பக்கம், ஒயர் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்று எழுதியிருக்கிறீர்கள். போக ஏழு மீட்டர், வர ஏழு மீட்டர், ஆக 14 மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் 0.16 ஓம். கம்ப்ரஸர் ஓடும்போது 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு லோடில், அதாவது கரண்ட் இழுக்கும்போது, பேட்டரி 12.1-க்கு இறங்கியிருக்கும். ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்வது 11.3. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும், அப்போது 11-க்குக் கீழே போய்விடும். ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பை ‘ஹை’யில் வைத்திருந்தால் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் அது கட் ஆகும். நின்றதும் லோடு போய்விடும், வோல்ட் ஏறிவிடும். காலையில் நீங்கள் மீட்டர் வைக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

ஆகவே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் ஒரு அளவு, ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் ஒரு அளவு. வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் தப்பு. எந்தப் பக்கம் என்று தெரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஃப்ரிட்ஜ் பிளஸ்ஸிலும் வையுங்கள். அதில் வருகிற அளவு முழுக்க பிளஸ் பக்கத்து நஷ்டம். அதேபோல் மைனஸ் பக்கம். மீட்டர் ஒயர் எட்டாது. பழைய ஸ்பீக்கர் ஒயரில் பத்து மீட்டர் எடுத்து நீட்டிக்கொள்ளுங்கள். மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை, அதனால் ஒயர் மெலிதாக இருந்தாலும் அளவு மாறாது. லோடு போடாமல் மட்டும் அளக்கவே கூடாது. ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூட லோடு இல்லாதபோது 12.6 என்றுதான் மீட்டர் காட்டும்.

போன டிசம்பரில் ஒரு குடும்பம் இதே புகாரோடு வந்தது. அளந்தால் மைனஸ் பக்கம் மட்டும் அரை வோல்ட் விழுந்தது. ஃப்ரிட்ஜையும் பம்பையும் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மேட்டுப்பாளையத்தில் இப்படித்தான் தேடுவார். எல்லாம் சில்லென்று இருந்தது. சீட்டு அடியில் சேஸிஸில் முடுக்கியிருந்த எர்த் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) மட்டும் டீ கிளாஸ் மாதிரி இளஞ்சூடு. மேலே கறுப்பு டியூப் போட்டு அழகாகத்தான் மூடியிருந்தார்கள். பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழை கறுத்து, வாயோரம் பச்சைப் பொடி பூத்திருந்தது. லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருக்கிறார்கள். இழைகளுக்கு நடுவே இடைவெளி. மலையில் மூடுபனி அந்த இடைவெளிக்குள்தான் போய் உட்காரும். கீழே லக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே பெயிண்டைச் சுரண்டவே இல்லை. கரண்ட் போனதெல்லாம் போல்ட்டின் மரை வழியாகத்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் வேலை இதுதான். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 ஸ்கொயர் செம்பு ஒயர், பிளஸ் மைனஸ் இரண்டும் தனியாக, வண்டித் தகரத்தையே மைனஸாக்கும் பாடி எர்த் இல்லாமல். டின் பூசிய லக், அதற்கென்று இருக்கிற கிரிம்பிங் டூலால் அழுத்தியது. பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ். முடுக்கி முடித்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின். 0.8 விழுந்த இடத்தில் 0.2 தான் விழும். ஒரு பேட்டரி விலையில் கால்வாசிகூட ஆகாது.

ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. கோத்தகிரி ராத்திரிக் குளிரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். திருப்பூரில் ராத்திரி முழுக்க ஓடியதால் மலையிலும் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் 1000 வாட். எலக்ட்ரிக் கெட்டில் போட்டதும் ‘பீப்’ அடித்து நின்றுவிடுகிறது. பேட்டரி 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) புதுசு. இன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா?
— வாசகி, ஈரோடு

கெடவில்லை அம்மா. கெட்டிலின் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 1500 வாட் என்று இருக்கும், உங்கள் இன்வெர்ட்டர் 1000 தான். 12 வோல்ட் பக்கத்தில் அது 125 ஆம்பியர், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்தால் 140 வரும். சின்ன ஆட்டோவின் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு நொடி கொடுக்கிற கரண்ட்டை நீங்கள் நாலைந்து நிமிடம் தொடர்ந்து கேட்கிறீர்கள். இண்டக்ஷன் அடுப்பு, ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் இதே ஜாதி. சூடு பண்ணுகிற வேலையைக் கேஸ் அடுப்பிடம் விட்டுவிடுங்கள். வெந்நீரைக் காலையில் பிளாஸ்கில் பிடித்து வையுங்கள்.

ஏறும்போது குன்னூர் வழி, இறங்கும்போது கோத்தகிரி வழி வந்தோம். புது வண்டி, பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த மாடல். ஏறும் இரண்டு மணி நேரமும் வீட்டு பேட்டரி சார்ஜே ஆகவில்லை. இறங்கும்போது மட்டும் நன்றாக ஏறியது. டைனமோ ஏறும்போது களைத்துப்போகிறதா? ரிலே வைத்துத்தான் இரண்டு பேட்டரியையும் இணைத்திருக்கிறோம்.
— வாசகர், கோயம்புத்தூர்

இந்த மாதத்தில் எனக்குப் பிடித்த கடிதம் இதுதான் ஐயா. ஏறும்போது இல்லை, இறங்கும்போது இருக்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிட்டது.

பழைய வண்டியில் டைனமோ எப்போதும் 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துக்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பல வண்டிகளில் எஞ்சின் கம்ப்யூட்டர்தான் டைனமோவுக்கு உத்தரவு போடுகிறது. வண்டி பேட்டரி நிறைந்துவிட்டால் வோல்ட்டை 12.5 பக்கம் இறக்கிவிடும். டைனமோ சுற்ற எஞ்சின் சக்தி வேண்டும், சக்திக்கு டீசல் வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினை வண்டியே உருட்டுகிறது, டீசல் செலவில்லை. அப்போது கம்ப்யூட்டர் டைனமோவை முழுசாகத் திறந்துவிடும், 14.5-க்கு மேல்கூட வரும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினீர்கள் அல்லவா, வழி முழுக்க அதுதான் நடந்தது.

உங்கள் ரிலே வோல்ட்டைப் பார்த்துச் சேர்கிற வகை. இப்படிப்பட்ட ரிலே பெரும்பாலும் 13.3 வந்தால் சேரும், 12.8-க்குக் கீழே போனால் விட்டுவிடும். ஏறும்போது 12.5 தான் வந்தால் அது எப்படிச் சேரும்? ரிலே மேல் தப்பில்லை, டைனமோ மேலும் தப்பில்லை. இரண்டும் ஒத்துப்போகாத ஜோடி.

உறுதிப்படுத்த, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுதச் சொல்லுங்கள். கல்லாறு தாண்டியதும் ஒன்று, பர்லியாறில் ஒன்று, காட்டேரி பக்கம் ஒன்று, திரும்பி இறங்கும்போது நாலைந்து. நான் சொன்ன மாதிரியே இருந்தால் ரிலேயைக் கழற்றிவிட்டு டிசி–டிசி சார்ஜர் போடுங்கள். உள்ளே 12.3 வந்தாலும் அது 14.4 ஆக உயர்த்தி வீட்டு பேட்டரிக்குத் தரும். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஏறும் இரண்டு மணி நேரத்தில் 60 ஏஎச். அதற்கு வண்டிப் பக்கமிருந்து 40 ஆம்பியர் வரை போகும், ஆகவே ஒயரை ஒல்லியாகப் போட்டுவிடாதீர்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் ஆறு மீட்டர் தூரம் என்றால் 25 ஸ்கொயர். 6 ஸ்கொயரில் இழுத்துவிட்டு ஒன்றரை வோல்ட்டை வழியில் தொலைத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, அதனால் இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். சார்ஜர் நல்ல சூடாகும். துணி அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

பழைய வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் டைனமோ எப்போதும் 14 தருகிறது, ரிலே போதும் என்று லித்தியம் பேட்டரியை நேராக இணைக்கிறீர்கள். லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும். சீசனில் பர்லியாறு பக்கம் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது எஞ்சின் ஐட்லிங், டைனமோ மெதுவாகச் சுற்றுகிறது, அதன் விசிறிக் காற்றும் குறைவு. முழு லோடும் அப்போதுதான் விழுகிறது. காயில் கருகிய டைனமோவை இந்த மே மாதத்தில் மட்டும் மூன்று கழற்றினேன்.

ராத்திரி வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம். கேஸ் சிலிண்டரை மூடிப் பார்த்தும் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தொட்டால் சுடுகிறது. கொடைக்கானலில் இருக்கிறோம், இன்னும் இரண்டு நாள் தங்கவேண்டும். என்ன செய்யலாம்?
— வாசகர், மதுரை

கடிதத்தைப் பார்த்ததும் போன் செய்து பேசிவிட்டேன். இதற்கெல்லாம் இதழ் வரும் வரை காத்திருக்க முடியாது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த நாற்றம் வந்தால் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்கள். வெளிக் கரண்ட் பிளக், சோலார், எஞ்சின் என்று பேட்டரிக்குச் சார்ஜ் வருகிற வழியையெல்லாம் அந்தந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பேட்டரி முனையை மட்டும் அப்போது கழற்றாதீர்கள். ஒரு பொறி போதும். அடுப்பு, தீக்குச்சி, சிகரெட் எதுவும் கூடாது. பேட்டரி ஆறும் வரை யாரும் உள்ளே படுக்கக் கூடாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று மூக்கை நம்பாதீர்கள். அந்த வாயு அதிகமானால் மோப்ப சக்தியே மரத்துப்போகும்.

உள்ளே நடப்பது இதுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டால் பத்து வோல்ட் பேட்டரி ஆகிவிடும். சார்ஜருக்கு அது தெரியாது. 14.4 வரட்டும் என்று தள்ளிக்கொண்டே இருக்கும். மிச்ச ஐந்து செல்லும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, கொதித்து, ஹைட்ரஜனும் முட்டை நாற்ற வாயுவும் விடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு மூடிய பெட்டியில் அது சேர அதிக நேரம் ஆகாது.

ஆறிய பிறகு ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்து செல்லில் 1.240 பக்கம், ஒன்றில் மட்டும் 1.100. அந்தப் பேட்டரி முடிந்தது. டிஸ்டில் வாட்டர் ஊற்றிக் காப்பாற்ற முடியாது.

டியூபுலர் பேட்டரி நல்ல பேட்டரிதான். வீட்டு வராந்தாவில், காற்றோட்டத்தில், அசையாமல் நிற்கப் பிறந்தது. ஐம்பது அறுபது கிலோ கனம், உள்ளே திறந்த ஆசிட். அதைக் கொண்டை ஊசி வளைவில் ஆட்டிக்கொண்டு, மேலே குழந்தைகளைப் படுக்கவைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். விலை குறைவு என்று இதைப் போட்டுக்கொடுக்கிற பட்டறைகள் இருக்கின்றன. மறுத்துவிடுங்கள். உள்ளே வைப்பதென்றால் ஆசிட் சிந்தாத, மூடிய ஏஜிஎம், அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்.

ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் நின்றோம். காலையில் புல் முழுக்க வெள்ளை உறைபனி. நல்ல வெயில் அடித்தும் சோலாரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு ஒரு ஆம்பியர்கூட ஏறவில்லை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியானது. பேனல் பழுதா?
— வாசகர், சேலம்

பழுதில்லை, பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உள்ளே போகாமல் தகட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், பிறகு திரும்பாது. நல்ல பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் அதனால் சார்ஜை மறுக்கும். கரண்ட் எடுப்பதை மட்டும் அனுமதிக்கும். உங்கள் பேட்டரி வண்டிக்கு அடியில் தகரப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வண்டிக்குள் கொண்டுவாருங்கள். நீங்கள் படுக்கும் இடத்தில் உறைபனி இல்லை, அதற்கும் இருக்காது. விலை குறைந்த சில பேட்டரிகளில் இந்தக் குளிர்ப் பாதுகாப்பு கிடையாது. வாங்கும்போது கேட்டு, எழுதிய தாளில் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து மீதியைக் கணக்குப் போட முடியாது. 13.3-லிருந்து 13.0 வரைக்குள் பெரும்பகுதி சார்ஜ் ஓடிவிடும். ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன ஆம்பியர், வெளியே போன ஆம்பியர் இரண்டையும் எண்ணிச் சொல்லும்.

200 வாட் பேனல் வைத்தும் ஒரு நாளைக்கு 15 ஏஎச்தான் கிடைக்கிறது. கற்பூர மரத்து நிழலில் பாதி, வெயிலில் பாதியாக நிறுத்தினோம்.
— வாசகி, நாமக்கல்

பாதி நிழல் என்றால் பாதி கரண்ட் வரும் என்பது கணக்கில்லை. பேனலில் செல்கள் வரிசையாகச் சங்கிலி போல் கோத்திருக்கின்றன. ஒன்று இருட்டில் இருந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். நிழல் உங்களுக்கு வேண்டும், வெயில் பேனலுக்கு வேண்டும். மடக்கும் பேனல் ஒன்று வாங்கி, பத்து மீட்டர் நல்ல ஒயரோடு வெயிலில் தள்ளி வையுங்கள். மூடுபனி நாளில் எதை நம்பியும் பயனில்லை. அன்று எஞ்சின் சார்ஜையும் வெளிக் கரண்ட்டையும் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

பூம்பாறையில் ஒரு தங்கும் விடுதியில் வெளிக் கரண்ட் வாங்கி வண்டிக்குப் போட்டோம். உள்ளே எல்லாம் நன்றாக ஓடியது. ஈரப் புல்லில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொட்ட என் பையனுக்குச் சுரீரென்று ஷாக். உள்ளே இருக்கும் எங்களுக்கு ஒன்றுமில்லை. சின்ன ஷாக்தான், பரவாயில்லையா?
— வாசகி, திண்டுக்கல்

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. பையன் நன்றாக இருக்கிறான் என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் அடுத்த முறை அது சின்ன ஷாக்காக இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாததற்குக் காரணம், தரை, சுவர், கைப்பிடி எல்லாம் ஒரே அளவில் மின் ஏறி நின்றதுதான். டயர் ரப்பர் என்பதால் வண்டி பூமியைத் தொடவில்லை. ஒரு கால் ஈர மண்ணிலும் கை வண்டியிலும் வைக்கிறவர்தான் கரண்ட்டுக்கு வழி ஆகிறார். ஏறி இறங்கும் ஒவ்வொருவரும் அந்த நிலையில் ஒரு நொடி நிற்கிறார்கள்.

காரணம் இரண்டில் ஒன்று. அந்த இடத்துப் பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தும் எர்த் ஒயர் எங்கும் சேராமல் இருக்கும். சார்ஜர், அடாப்டர் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிற ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வண்டி பாடிக்குக் கசியும். நல்ல எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் பாடியிலேயே நூறு வோல்ட் வரை நிற்கும், சுரீரென்று இழுக்கும். இன்னொரு காரணம் இதைவிட மோசம். வண்டிக்குள் எங்காவது 230 வோல்ட் ஒயர் உரசித் தோல் போய் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். எர்த் இல்லாத இடத்தில் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். ஷாக்கின் அளவை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் அந்தப் பிளக்கைச் சுவர் பக்கத்தில் பிடுங்குங்கள். ஊருக்குத் திரும்பியதும் வீட்டு வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒயரின் கசிவைச் சோதிக்கும் மெக்கர் வைத்து வண்டியின் 230 வோல்ட் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிக் கரண்ட் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைகிற சுவிட்ச், கட்டாயம் போடுங்கள். லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கட் பண்ணும் வகை. ஆட்கள் கை வைத்தால் நொடியில் ஒரு சிறு பங்கிலேயே அது அணைந்துவிடும். பிளக்கில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டர் ஒன்று டூல் பையில் இருக்கட்டும். எர்த் இல்லை, லைன் நியூட்ரல் மாறியிருக்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் காட்டும். எர்த் இல்லை என்று காட்டினால் அந்த இடத்தில் கரண்ட் வாங்காதீர்கள். உரிமையாளரிடம் தன்மையாகச் சொல்லுங்கள். அவர் வீட்டு ஹீட்டருக்கும் அதே எர்த்தானே.

வயர் சுற்றிய ரீலில் எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறவர்கள் முழுதையும் அவிழ்த்துப் போட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். சுற்றியபடியே ஹீட்டர் போட்டால் உள்சுற்று வெந்து ஒட்டிக்கொள்ளும்.

மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. எல்லா விளக்கும் அணைத்துத்தான் வைத்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது.
— வாசகர், பொள்ளாச்சி

இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்தீர்களா? சும்மா இருந்தாலே அது 0.8 ஆம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு 19 ஏஎச், 100 ஏஎச் பேட்டரி ஐந்தே நாளில் காலி. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் ஆம்பியர் இறங்குகிறது என்று பார்த்தால் திருடன் அகப்படுவான். பேட்டரி மைனஸில் ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போடுங்கள். லெட் ஆசிட் என்றால் முழு சார்ஜில் நிறுத்துங்கள், காலியாக நின்றால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். லித்தியம் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

தாத்தா, நான் கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவின் வேனை நானே பார்த்துக்கொள்ள ஆசை. என்ன மீட்டர் வாங்கலாம்?
— வாசகி, உடுமலைப்பேட்டை

மிகவும் சந்தோஷம் பாப்பா. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் பார்க்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், ஹெட்லைட்டின் 55 வாட் பல்பில் இரண்டு ஒயரும் கிளிப்பும் வைத்துக் கட்டிய டெஸ்ட் லாம்ப். இந்த மூன்றும் போதும்.

அந்தப் பல்பை வைத்தே பேட்டரியின் உடம்பு எப்படி என்று பார்க்கலாம். 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி சும்மா வை. காலையில் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். பல்பைத் தரையில் செங்கல் மேல் வைத்து எரியவிடு, கை சுடும். பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 45 ஏஎச் போயிருக்கும். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து 12.1 பக்கம் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. நாலைந்து மணி நேரத்திலேயே பல்பு மங்கிவிட்டால் பேட்டரி பாதிகூட இல்லை, அப்போது மாற்றலாம். நடுவில் அடிக்கடி அளந்து பார், 11.5-க்குக் கீழே போகவிடாதே.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனமாக இரு. கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை ஏசி ஆம்பியர் மட்டும்தான் காட்டும். வண்டியில் ஓடுவது டிசி. பெட்டியில் ‘டிசி ஆம்பியர்’ என்று எழுதியிருந்தாலும் சில மீட்டரில் அது ஒயர் செருகிப் பார்க்கிற 10 ஆம்பியருக்குத்தான், கிளாம்புக்கு இல்லை. பணம் கொடுப்பதற்கு முன் கடை வாசலில் நிற்கிற வண்டி எதிலாவது பேட்டரி ஒயரைச் சுற்றி மாட்டி, ஹெட்லைட்டைப் போடச் சொல். எண் நகர்ந்தால் வாங்கு.